டெல்பினின் மீன் காரும் பழங்கால நம்பர் பிளேட்டும்

நெல்சனுக்குப் பேப்பரில் தலைப்பை மட்டும் படிக்கிற பழக்கம். பழங்காலக் கார்களுக்கும் மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய மசோதா வரப்போகிறது, பழசுக்கு விசேஷ நம்பர் பிளேட்டு உண்டு என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், மனிதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் நின்ற அறுபது வருஷத்து அம்பாசடர் அவன் பெயரில் இருந்தது. ஓட்டியது அவன் மனைவி டெல்பின். விடிந்ததும் பட்டினச்சேரிக் கரையில் மீன் எடுத்து, பின் சீட்டு இருந்த இடத்தில் கூடைகளை அடுக்கி, கோட்டுச்சேரிக்குப் போய் விற்பாள். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரின் முகச்சுளிப்பைத் தாங்கியவர்களுக்குத்தான் அந்தக் காரின் அருமை தெரியும்.

ஒரே வாரத்தில் நெல்சன் கூடை கட்டும் கொக்கிகளைப் பிடுங்கினான், எங்கிருந்தோ பழைய பின் சீட்டைத் தேடிப்பிடித்து மாட்டினான், வாசனைக்கு ஊதுவத்தி வேறு.

"ஏங்க, இது காரா, சப்பரமா?"

"பிளேட்டு மட்டும் வரட்டும், ஊரே திரும்பிப் பாக்கும் பாரு!"

ஒன்றைத்தான் அவனால் மாற்ற முடியவில்லை. காரின் சொந்த இன்ஜின் எப்போதோ செத்துவிட்டது. படகு மெக்கானிக்கான அவனே, பட்டினச்சேரியில் அல்லி வீட்டு விசைப்படகு உடைந்தபோது அதன் டீசல் இன்ஜினை வாங்கி இதற்குள் உட்கார வைத்திருந்தான். பட்டினச்சேரிக்காரர்கள் சத்தத்தை வைத்தே யார் படகு வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். கார் போனால் அல்லி வீட்டுப் படகு போகிறது என்றுதான் அங்கே பேச்சு.

மசோதாவுக்கு முன்னால் ஊரில் என்னென்ன வண்டி இருக்கிறது என்று பார்க்க, காரைக்காலில் ஒரு மைதானத்தில் முகாம் போட்டார்கள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நெல்சன் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, கூட்டாளிகளை விட்டுக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று டீசல் வண்டிக்குக் காரணம் வேறு சொன்னான். டெல்பினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிகாரி சிதம்பரநாதன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆளுக்குப் பழைய கார் என்றால் உயிர் போலிருக்கிறது, விளக்கைத் தடவினார், கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார்.

"பானெட்டத் திறங்க."

"துருப்பிடிச்சு இறுகிக்கிடக்குங்க சார்."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்குப் பழங்கால வண்டின்னு எழுதிக்கிறேன்." பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லிடுறேன். வரைவுல இருக்கபடி, பழசுன்னு பதிஞ்சா கண்காட்சிக்கு மட்டுந்தான் வெளிய எடுக்கலாம். வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. மாத்திக் கட்டுன வண்டின்னா சோதனை பண்ணிச் சான்றிதழ் வாங்கிட்டுத் தினமும் ஓட்டலாம்."

டெல்பினின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் பஸ், மறுபடியும் கண்டக்டர். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நெல்சனின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி மினுங்கவில்லை. சொல்ல மனசு வரவில்லை. அவன் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நெல்சன் அவளைப் பார்த்தான். கூடை தூக்கிக் காய்த்த அவள் கையை, காரின் பின் சீட்டை, மறுபடி அவளைப் பார்த்தான்.

"சார், எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்."

"பெட்ரோல் இல்லன்னீங்க?"

நெல்சன் உள்ளே ஏறிச் சாவியைத் திருகினான். தடதடவென்று மைதானமே அதிர்ந்தது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த பட்டினச்சேரி ஆட்கள் இருவர், "அல்லி வீட்டுப் படகுடோய்!" என்று கத்தினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிதம்பரநாதன் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். பழங்கால வண்டி என்று எழுத இருந்த இடத்தில் மாற்றிக் கட்டிய வண்டி என்று எழுதினார். பிரேக்கை நன்றாகப் பார்த்து வைக்கும்படி சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது டெல்பின்தான் ஓட்டினாள். நெல்சன் பக்கத்தில் உட்கார்ந்து, பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். இந்த மனிதனையா ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"ராத்திரியே சீட்டக் கழட்டிடுறேன்" என்றான்.

"ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம கோயிலுக்கு நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து வர்றேன். அதுக்கப்புறம் கழட்டுங்க."

"அதுவரைக்கும் கூடைய எங்க வைப்ப?"

"மடியில வச்சுக்கிறேன். உங்களுக்கென்ன?"