குதிரை திரும்பிய ஞாயிறு

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் சினிமாக் கொட்டகையின் பின்சுவரும் ஒன்றுதான். இது தெரிந்தவர்கள், உனக்கென்ன நர்கீஸ், ஓசியிலேயே எல்லாப் படமும் பார்த்திருப்பாய் என்பார்கள். சுவரைப் பார்த்திருக்கிறேன். இருபத்தேழு வயது வரைக்கும் நான் பார்த்ததெல்லாம் அந்தச் சுவரைத்தான். காரை உதிர்ந்து எத்தனை செங்கல் வெளியே தெரிகிறது என்று கேட்டால் எண்ணாமலே சொல்வேன்.

அத்தா திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்தார். தொழுகையும் வெள்ளாட்டுத் தோலும் போக உலகத்தில் அவருக்கு வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. சினிமா என்ற பேச்சை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. ஆனால் சத்தத்துக்குக் கதவு போட அவராலும் முடியவில்லை. சுவரின் உச்சியில் காற்றுக்காக வைத்திருந்த துவாரங்கள் வழியாகப் படம் மொத்தமும் எங்கள் கிணற்றடியில் வந்து விழும்.

தமிழ்ப் படம் எனக்குப் பெரிதில்லை. அதன் கதையைத்தான் ஊரே பேசுகிறதே. எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான் உயிர். பத்து மணிக்கு அமெரிக்கப் படம் போடுவார்கள். அதற்காகவே அன்றைக்குத் துணி துவைக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு கைலியைத் துவைப்பேன். சாயம் போவதைப் பார்த்து அம்மா சோப்பைத் திட்டுவாள்.

கொட்டகையில் நானூறு பேர் இருந்தால் அதில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாலு பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆளை மைக்கோடு உட்கார வைத்து, படம் ஓட ஓடத் தமிழில் சொல்லச் சொல்வார்கள். 1957இல் அந்த ஆள் நூர் அகமது. பேகம்பூர்க்காரர். தோல் ஷாப்பில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. மெட்ராஸுக்குத் தோல் அனுப்பிய கடித இங்கிலீஷை வைத்துக்கொண்டு, குதிரைமேல் போகிறவன் வாய்க்குள் முனகுவதை எப்படிப் புரிந்துகொள்வது? பாதிக்கு மேல் அவராகச் சொன்னதுதான்.

அவர் கணக்கில் அமெரிக்காவில் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுவார்கள் போலிருக்கிறது, கொட்டகையில் விசில் பறக்கும். உடனே மைக்கில், மாமன் மகள்தான், பேசி முடித்தாகிவிட்டது என்று அறிவிப்பார். விசில் அடங்கிவிடும். சீசாவைத் திறந்து எவனாவது குடித்தால் நெஞ்சுச் சளிக்கு மருந்து. மார்பில் நட்சத்திரம் குத்தியவர் தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்த ஒரு பதவி. ரொம்ப நாள் வரைக்கும் அமெரிக்காவில் பாதிப் பேருக்குத் தீராத சளி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். முக்கியமான இடம் வந்ததும் மனிதர், "பாருங்க, அவ முகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். நான் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

செபாஸ்தியம்மாள் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவள். காலைக் காட்சிக்குப் பெண்கள் எவரும் வருவதில்லை, ஆனாலும் அவள் வேலைக்கு வந்தாக வேண்டும். கோயிலில் முதல் பூசை முடிந்ததும் வந்து, எங்கள் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அவளிடம்தான் எரிந்து விழுந்தேன்.

"பாருங்க பாருங்கங்கிறாரே உங்க ஆளு, பாக்க முடியாதவுக என்ன செய்யிறதாம்? போய்க் கேளு."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் போய்க் கேட்டேவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நூர் அகமதுவின் குரல் வேறு மாதிரி வந்தது. அவள் மஞ்சள் கவுன் போட்டிருக்கிறாள், பூசணிப்பூ மஞ்சள் என்றார். தொப்பியைக் கழற்றுகிறான், நெற்றியில் தொப்பியின் தடம் இருக்கிறது என்றார். நம் மலைக்கோட்டைப் பாறையை நாலாகப் பிளந்து வெட்டவெளியில் நட்டு வைத்த மாதிரி சிவப்புப் பாறைகள், அதற்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம் என்றார். உள்ளேயிருந்து ஒருவன், எங்களுக்குக் கண்ணு இருக்குய்யா என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. நூர் அகமது நிறுத்தவில்லை. பாறையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் சொன்னார். கைலியைக் கல்லில் போட்டுவிட்டு நான் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

அப்படி ஏழெட்டு மாதம். எனக்கு ஊர் என்றால் வீடும் மதரஸாவும் கல்யாண வீடுகளும். நூர் அகமது ஞாயிறுதோறும் என்னை ரயிலில் ஏற்றினார், நூறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தினார், பனி பெய்வதைக் காட்டினார். பனியை அவர் உப்பளத்துக்கு ஒப்பிட்டுச் சொன்னார். அந்தக் குரல் என்னிடம்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

செபாஸ்தியம்மாள் கூப்பிட்டாள். பெண்கள் பக்கம் ஈ காக்கா இல்லை, சந்து வழியாக வந்தால் நாலே எட்டு, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். அந்தச் சந்து அத்தாவின் மண்டி வாசலைத் தாண்டித்தான் போகிறது. எனக்குத் தைரியம் வரவில்லை.

பெருநாள் முடிந்த வாரம் நூர் அகமதுவின் அம்மா காதர் பீவி எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். அத்தா பையனின் வேலையை விசாரித்தார். தோல் ஷாப் குமாஸ்தா என்றதும் தலையை ஆட்டினார். ஆனால் கொட்டகையில் கதை சொல்கிறவன் அவன்தான் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. "மைக்குல கூவுறவனுக்குக் குடுக்குறதுக்கா எம்புள்ளைய வளத்தேன்" என்றார். அந்த அம்மாளுக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அத்தா மவுத்தாகி மூன்று வருஷமாகிவிட்டது. அவருக்காக துஆ கேட்கிறேன், ஆனால் அந்த டீயை என்னால் மறக்க முடியவில்லை.

நூர் அகமது பினாங்கில் மாமா கடைக்குப் போகிறார், வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் என்று செபாஸ்தியம்மாள் சொன்னாள். அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவருக்குக் கடைசிக் காட்சி.

அன்றைக்குக் குதிரைக்காரப் படம். மறுபடியும் சிவப்புப் பாறை, மறுபடியும் பூசணிப்பூ மஞ்சள் கவுன் என்றார். ஊர் ஊராகத் திரியும் ஒருவன் ஒரு பண்ணைக்கு வேலைக்கு வருகிறான். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போகிறது. அவள் தகப்பனுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதில் நூர் அகமது எதையும் இட்டுக்கட்டத் தேவையிருக்கவில்லை. கடைசியில் அவன் குதிரை ஏறுகிறான். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்றார். அவள் வேலியோரம் நிற்கிறாள், வேலிக்கம்பியைப் பிடித்திருக்கிறாள் என்றார். குதிரை போகிறது, தூசி எழுகிறது, குதிரை சின்னதாகிவிட்டது என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் வாத்தியச் சத்தம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குதிரை நிக்குது" என்றார். "திரும்புறான். குதிரை திரும்புது. நாளாகும், தூரம் ரொம்ப. ஆனா வந்துக்கிட்டிருக்கான். அவ வேலிய விட்டுப் போகாம நிக்கிறா."

கொட்டகையே கிடுகிடுத்தது. நானூறு பேரும் கத்தினார்கள், நாற்காலியைத் தட்டினார்கள், விசில் காதைப் பிளந்தது. எல்லாருக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் ஈரக் கைலியில் முகத்தைப் புதைத்து அழுதேன். அன்றைக்குச் செபாஸ்தியம்மாள் கொல்லைக் கதவுக்கு வரவில்லை.

அதன்பிறகு எட்டு வருஷம். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு எந்த ஆம்பிளை கடிதம் போடுவான்? அவர் போடவில்லை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நான் தட்டிக் கழித்தேன். ஒருவருக்கு வயது, ஒருவருக்கு ஊர், ஒருவருக்கு மூக்கு. காரணம் கேட்டால் என்ன சொல்வேன், சினிமாவில் ஒரு குதிரை திரும்பியது என்றா? போன மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து சௌகத் அலி என்று ஒருவர் கேட்டு அனுப்பினார். காய்கறி மண்டிக்காரர், மனைவி இறந்தவர், மரியாதையான மனிதர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். சினிமாக்காரர்கள் எழுதி வைத்தபடி குதிரை திரும்பும், நிஜத்தில் எவன் திரும்புகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி என்று சொல்லிவிட முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான் செபாஸ்தியம்மாள், அதே குதிரைப் படம் மறுபடி வந்திருக்கிறது என்று சொன்னாள். கட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அந்தக் குதிரை திரும்புவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை.

துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன். பெண்கள் பக்கத்தில் நானும் செபாஸ்தியம்மாளும் மட்டும். இப்போது மைக் கிடையாது, கதை சொல்லியும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். எனக்கு எதுவும் புதிதாக இல்லை. சிவப்புப் பாறை இருந்தது. பூசணிப்பூ மஞ்சள் இருந்தது. சட்டையில் இரண்டாவது பொத்தானைத் தேடினேன், இல்லை. மனிதர் கண்ணுக்குத் தெரிந்ததில் ஒரு பொத்தானைக்கூட மாற்றிச் சொல்லியிருக்கவில்லை.

அவன் குதிரை ஏறினான். அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தூசி எழுந்தது. குதிரை சின்னதாகி, புள்ளியாகி, பாறைக்குப் பின்னால் மறைந்துபோனது. நான் இருக்கை நுனிக்கு வந்தேன். பாறை மட்டும் இருந்தது. வெள்ளை எழுத்து ஏறியது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்னால் இருந்த ஆண்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

"திரும்பலையே" என்றேன்.

செபாஸ்தியம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னைக்கும் திரும்பல, ஆத்தா. அவருதான் திரும்புதுன்னாரு. அதுக்குத்தான் அம்புட்டுப் பேரும் கத்துனாய்ங்க. மேனேஜரு மைக்கப் புடுங்கி வெளிய தள்ளிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அம்புட்டு சந்தோசமா இருந்தியே புள்ள. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. எட்டு வருஷம் ஒரு சினிமாவை நம்பி இருந்தேன் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். சினிமா அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது அவர். நானூறு பேர் சிரிக்க, எனக்குக் கொடுத்த வாக்கு அது. ஊரில் அத்தனை பேரும் கேட்டார்கள், அது படத்தில் இல்லை என்பது தெரியாமல் போனது எனக்கு மட்டும்தான். எனக்கு அவர்மேல் ஆசை அன்றைக்கு இருந்ததைவிட இப்போது அதிகம், அதை மறைக்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். அம்மா அழுதாள். செபாஸ்தியம்மாளைக் காதர் பீவியிடம் அனுப்பிப் பினாங்கு விலாசம் வாங்கி வரச் சொன்னேன். அவருக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்க வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை, அந்த அம்மாளும் சொல்லவில்லை.

கடிதத்தில் பெயர்கூடப் போடவில்லை. இரண்டே வரி.

"படத்தைப் பார்த்துவிட்டேன், குதிரை திரும்பவில்லை. நான் வேலியை விட்டுப் போகவில்லை."

போட்டு இருபத்து மூன்று நாளாகிறது. இன்றைக்கு ஞாயிறு, கிணற்றடியில் நிற்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ படம் கடைசி ரீலுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, வாத்தியம் உயர்கிறது. ஒருவன் என்னவோ சொல்கிறான், ஒருத்தி பதில் சொல்கிறாள், எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். குதிரை நிற்கிறது. திரும்புகிறான். நாளாகும், தூரம் ரொம்ப.