மருந்தடிக்காத கழனி

ஆவணி மாதம் முழுக்க அகிலா ஸ்கூட்டியில் அலைந்தாள். வாலாஜாபாத்தைச் சுற்றி அவள் போகாத ஊர் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சம்பா பட்டத்தில் ஒரு வயல், பூச்சிமருந்து அடிக்காத வயல். நெல்லுக்கு என்னென்ன பூச்சி வருகிறது, அந்தப் பூச்சியைத் தின்ன என்னென்ன வருகிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், வயலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் ஓர் உரக்கடைக்காரர். "தென்னேரில ரத்னமாலாம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க. ஜெயின் வீடு. இத்தினி வருசத்துல என்கிட்ட ஒரு சொட்டு மருந்து வாங்கினதில்லை. போய்ப் பாருமா."

ரத்னமாலா ஐம்பதைத் தாண்டியவர். கணவர் தர்மசந்திரன் வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருந்தார்; விவசாயம் முழுக்க இந்த அம்மாவின் கையில்தான். அகிலா போனபோது அவர் முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் நின்று நாற்றுக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அகிலா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கேர்ந்துமா வரே?"

"காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். எங்க அப்பா பட்டு நெய்யறவர்மா."

சொன்ன பிறகுதான் அகிலாவுக்கு உறைத்தது. அந்த அம்மா கட்டியிருந்தது பருத்திச் சேலை. கூட்டோடு புழுவை வெந்நீரில் போட்டு எடுக்கிற நூலைத் தொடாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அகிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ரத்னமாலா சிரித்துவிட்டார்.

"இதுக்கு ஏன்மா மொகத்த இப்படி வச்சிக்கினே? கழனிய எடுத்துக்கோ. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, உன் ஆராய்ச்சிக்குன்னு இங்க ஒரு எறும்பக்கூடக் கொல்லக்கூடாது."

"இன்னொண்ணு?"

ரத்னமாலா பக்கத்து வயலைப் பார்த்தார். "அது சிட்டிபாபு கழனி. 'அக்கா, நீ மருந்தடிக்கிறதில்லை, உன் கழனிலதான் பூச்சி குட்டி போட்டு என் கழனிக்கு வருது'ன்னு வருசா வருசம் சொல்லிக்கினு இருக்கான். நான் எடுத்த விரதம் என்னோட. அதால அவன் வயிறு காயுதுன்னா அது பாவந்தானே? அது நெசமா பொய்யா, எனக்குத் தெரிஞ்சாகணும். எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லணும்."

அகிலா ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளுடைய பேராசிரியர் கிருஷ்ணவேணி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பூச்சிகளைப் பிடித்து ஆல்கஹாலில் போட்டு நுண்நோக்கியில் பார்ப்பதுதானே வழக்கம்? "உயிரோட ஓடறத எப்படிம்மா எண்ணுவே?" என்று போனில் கேட்டார். அரை மணி நேரம் வாதாடிய பிறகு, "சரி, செஞ்சு காட்டு. இனம் தெரியலைன்னா தெரியலைன்னே எழுது, யூகிச்சு எழுதாதே" என்றார்.

வீட்டில் அப்பா உமாபதி தறியில் இருந்தபடியே விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாம ஒரு பூச்சியால சோறு துண்றோம். நீ மத்த பூச்சிக்கெல்லாம் வக்கீலாப் போறியா? நல்ல குடும்பம்பா நம்மளுது!"

நடவு முடிந்ததும் வேலை தொடங்கியது. வரப்பு முழுக்க ரத்னமாலா தட்டைப்பயறு போட்டார். அதன் பூவுக்கு வரும் சின்னச் சின்னக் குளவிகள் நெற்பூச்சியின் முட்டைகளையும் தேடிப் போகும் என்று அகிலா சொல்லியிருந்தாள். விடிந்ததும் அகிலா வந்துவிடுவாள். நெல் தூரின் அடியில் ஒரு வெள்ளைத் தட்டைச் சாய்த்துப் பிடித்து, பயிரை உள்ளங்கையால் மெல்லத் தட்டுவாள். விழுந்தவற்றைச் சட்டென்று போனில் படம் பிடித்துவிட்டு, தட்டைப் பயிரோடு சாய்த்தால் எல்லாம் திரும்ப ஓடிவிடும். பிறகு சிட்டிபாபுவின் வயலிலும் அதேபோல். அவர் தடுக்கவில்லை. "எண்ணு எண்ணு, எனக்கு நல்லதுதான்" என்றார்.

முதலில் சில நாள் ரத்னமாலா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அகிலா அவரைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தாள். தட்டின் மூலையில் ஒரு பழுப்புச் சிலந்தி. அதன் முதுகு சொரசொரவென்று இருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது அந்தச் சொரசொரப்பு நகர்ந்தது. அத்தனையும் குஞ்சுகள். கடுகிலும் சின்னதாக, ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு, அம்மாவின் முதுகில் சவாரி.

"அய்யோ!" என்று ரத்னமாலா கத்தினார். "பஸ்ல ஏத்திக்கினு போற மாதிரி போறாளே!" அன்று சமையல் தாமதமாயிற்று. அதற்குப் பிறகு தினமும் அவர்தான் முதலில் வயலில் இருந்தார்.

ஆனால் ஐப்பசியில் வந்த கணக்கு அகிலாவின் தூக்கத்தைக் கெடுத்தது. ரத்னமாலாவின் வயலில் தத்துப்பூச்சி நிறைய இருந்தது. தண்டின் அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும் பழுப்புத் தத்துப்பூச்சி. முற்றினால் வயலே தீய்ந்ததுபோல் ஆகிவிடும். அதைத்தான் உழவர்கள் புகையான் என்பார்கள். அப்போதுதான் மருந்தடித்திருந்த சிட்டிபாபுவின் வயலிலோ தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சிட்டிபாபு சொன்னதுதான் சரி என்று எண்கள் சொல்லின.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. சாகுபடி முடியட்டும், மொத்தமாகச் சொல்லலாம் என்று ஒரு சாக்கும் கிடைத்தது. ஆனால் மறுநாள் காலையில், "இன்னாமா, சொரத்தே இல்லாம இருக்கே?" என்று அந்த அம்மா கேட்டதும் அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ரத்னமாலா வரப்பில் உட்கார்ந்துகொண்டார். கண் ஓரம் ஈரமாயிற்று.

"அப்போ என்னாலதான்" என்றார்.

"இன்னும் பட்டம் முடியலைமா. இது பாதிக் கணக்குதான். சிலந்தி இப்பதான் பெருகிக்கினு வருது."

"ஆறுதலுக்குச் சொல்றியா?"

"இல்லைமா. எனக்கே தெரியாது. அதான் எண்ணிக்கினு இருக்கேன்."

ரத்னமாலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப உக்காந்து இன்னா பண்றது? தட்ட எடு."

கார்த்திகை மழை ஏரியை நிறைத்தது. மழை விட்டதும் இறுக்கமான புழுக்கம். அப்படிப்பட்ட ஒரு காலையில் சிட்டிபாபு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். குரல் அவருக்கு முன்னால் வந்தது.

"அக்கா! போச்சுக்கா, என் கழனி போச்சு! வட்டமாக் காஞ்சி கெடக்குது. மூணு தபா மருந்தடிச்சேன். உன் கழனிலேர்ந்துதான் வந்துது. இன்னிக்கு நீ பதில் சொல்லியே ஆவணும்!"

ரத்னமாலாவின் முகம் வெளுத்துவிட்டது. அகிலா கையிலிருந்த தட்டை சிட்டிபாபுவிடமே நீட்டினாள்.

"அண்ணா, நான் எண்ணலை. நீங்களே எண்ணுங்க. எங்க காஞ்சிருக்குதோ அங்கேர்ந்து ஆரம்பிச்சு அம்மா வரப்பு வரைக்கும் நடந்துக்கினே வாங்க."

கோபத்தில் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவர் வயலில் இறங்கினார். காய்ந்திருந்த இடம் ரத்னமாலாவின் வரப்புக்குப் பக்கத்தில் இல்லை; வயலின் மறுகோடியில் இருந்தது. அது அவர் கண்ணில் அப்போதுதான் பட்டது. தூரைத் தட்டினார். தட்டில் தவிடு கொட்டியதுபோல் தத்துப்பூச்சி. சிலந்தி ஒன்றுகூட இல்லை. நாலு எட்டு இந்தப் பக்கம் வந்து தட்டினார். கொஞ்சம் குறைவு. இன்னும் கொஞ்சம் வந்தார். தட்டைப்பயறு வரப்புக்குப் பக்கத்தில் தட்டியபோது தத்துப்பூச்சிகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு சிலந்திகள் ஓடின. ஒன்று அவர் கண்ணெதிரிலேயே ஒரு தத்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டது.

யாரும் சொல்லாமலே சிட்டிபாபு வரப்பைத் தாண்டி ரத்னமாலாவின் வயலில் இறங்கித் தட்டினார். சிலந்திகள் நாலா பக்கமும் ஓடின. பயிரின் மேல் தட்டான்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. தத்துப்பூச்சி இருந்தது, ஆனால் பயிர் பச்சையாக, அசையாமல் நின்றது.

"இது இன்னா கணக்குமா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அகிலா வரப்பில் குந்தி உட்கார்ந்து சொன்னாள். "மருந்து அடிச்சா பூச்சியும் சாகுது, சிலந்தியும் சாகுது. ஆனா பூச்சியோட முட்டை தண்டுக்குள்ள இருக்குது. மருந்து அங்க போய்ச் சேராதுண்ணா. முட்டை பொரிஞ்சு குஞ்சு வெளிய வர்றப்போ அதத் துண்றதுக்கு ஆளே இல்லை. அதான் உங்க கழனில மறுபடி மறுபடி பெருகுது. அம்மா கழனிலேர்ந்து உங்க பக்கம் வர்றது பெரும்பாலும் சிலந்திதான். வரப்போரமா எவ்ளோ பச்சையா இருக்குது பாருங்க."

ரத்னமாலா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழும்போதே சிரித்தார். இத்தனை வருடமாகச் சுமந்ததை அந்தச் சேற்றிலேயே இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

சிட்டிபாபுவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அக்கா, நான் வாயிக்கு வந்தத..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் உடு. மொதல்ல தண்ணிய வடி" என்றார் ரத்னமாலா. "தூர் அடி காஞ்சா இந்தப் பூச்சி கொறையும்னு இந்தப் பொண்ணு முன்னயே என்கிட்ட சொல்லிச்சு."

அன்று மூவருமாக மடையை வெட்டி சிட்டிபாபுவின் வயல் தண்ணீரை வடித்தார்கள். மருந்து தெளிக்கும் பம்பை அவர் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார். காய்ந்த வட்டம் காய்ந்ததுதான், அது திரும்பவில்லை. ஆனால் வட்டம் பெரிதாகவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அந்த வயலின் நடுவிலும் சிலந்திகள் தென்பட்டன. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் சிட்டிபாபு சொந்தக்காரர் வந்ததுபோலக் கத்துவார். "அக்கா, இன்னொருத்தி வந்துட்டா! முதுவுல புள்ளைங்களோட!"

பேராசிரியர் கிருஷ்ணவேணி ஒரு நாள் நேரிலேயே வந்தார். படங்களையெல்லாம் பார்த்தார், தானும் சேற்றில் இறங்கினார். ஒரே ஒரு கழனியையும் ஒரே ஒரு பட்டத்தையும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் நிறைய வயல்கள் வேண்டும் என்று கறாராகச் சொன்னார். ஆனால் கிளம்பும்போது அகிலாவின் தோளைத் தட்டி, "கொல்லாம எண்ண முடியும்னு எனக்குக் காட்டிட்டே" என்றார். அகிலா அன்று பஸ்சில் போகிற கிருஷ்ணவேணிக்குக் கையாட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு குதி குதித்தாள். ரத்னமாலா பார்த்துவிட்டார். அவரும் குதிக்கப் பார்த்தார், முட்டி விடவில்லை.

தை பிறந்து அறுவடை வந்தது. ரத்னமாலாவின் வயலில் கதிர்கள் தலை சாய்ந்து கிடந்தன. அறுவடை இயந்திரம் வரப்போரம் வந்து நின்றதும் அவர் ஓட்டுநரிடம் போனார். "தம்பி, இந்த மூலையிலேர்ந்து மெதுவா ஆரம்பி. உள்ள இருக்கிறதுங்க வரப்பு ஏறிப் போவட்டும்."

ஓட்டுநர் விழித்தார். "எதுங்கமா?"

"சிலந்திங்கபா, தவளைங்க, எல்லாம்."

அவர் பதில் சொல்வதற்குள் சிட்டிபாபு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, கதிர்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். "போ போ! வரப்புக்குப் போ! வண்டி வருது, எழுந்துருங்கடி!" ஊரே கேட்கும் குரல். அகிலாவும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இருவரும் கைதட்டிக்கொண்டே போக, இயந்திரம் மாட்டுவண்டி வேகத்தில் பின்னால் வந்தது. தவளைகள் துள்ளின. தட்டான்கள் கூட்டமாக எழும்பின.

அதற்குள் ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் வந்து இறங்கிவிட்டன. கைதட்டலில் வெளியே வந்த தவளைகளையும் பூச்சிகளையும் வரிசையில் நின்று பொறுக்கித் தின்றன. சிட்டிபாபு திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"அக்கா! நான் அதுங்களக் காப்பாத்தறேன்னு பாத்தா, இவனுங்களுக்குல்ல பந்தி வச்சிக்கினு இருக்கேன்!"

வரப்பில் நின்ற ரத்னமாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வரட்டும்பா, அதுங்களுக்கும் பசிக்காதா? நீ தட்டிக்கினே போ!"

சிட்டிபாபு இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டு நடந்தார்.