சனிக்கிழமைதோறும் கடைசி மேடை

கடற்கரைச் சாலை ஓட்டலில் சனிக்கிழமைதோறும் பூர்ணிமா, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓபரா பாடகியாக வேஷம் கட்டுவாள். அந்தப் பாடகி, "இதுதான் என் கடைசி மேடை" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஊர் ஊராகப் பாடியவளாம். அதே வசனத்தோடு, மூச்சு முட்டும் கவுனுக்குள் பூர்ணிமாவுக்கும் நாலு வருஷம் ஓடிவிட்டது. வேலையை விடுகிறேன் என்றால் முதலாளி தேவதாஸ் சிரிப்பார். அவளுடைய சர்டிபிகேட்டெல்லாம் அவர் பீரோவில்தான் கிடந்தன.

இந்த வாரம் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"நெஜமாவே சொல்றேன், இனிமே வரமாட்டேன். என்னை விட்டுடுங்க!"

குரல் உடைந்து அழுதாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

திரைக்குப் பின்னால் தேவதாஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதம்மா! வாராவாரம் இப்படியே அழுதுடு."