சீதாராமன் அனுப்பிய சம்பள விவரம்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. 2006இல் வளைகுடா நாட்டில், ஷரஃபியா என்ற பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், எனக்குப் பின்னால் தம்மாமிலிருந்து வந்த இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். காப்பீடு, ஓய்வுக்காலப் பணம் என்று காதில் விழுந்ததும் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் டீயைத் துப்பினார். உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: பாலைவனத்தில் கதிரவன் உதித்தபோது கார்மேகம்...

(வேண்டாம். வளைகுடா என்றாலே ஆளாளுக்கு மணலை அள்ளிக் கொட்டுகிறார்கள்.)

இரண்டாவது: சீதாராமன் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சம்பளக் குமாஸ்தா. மாதாமாதம் எல்லோருடைய சம்பள விவரத்தையும் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தச் சமயம் கார்மேகம் சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து கேம்பில் கிடந்தான். அடிபட்டவனுக்குக் காப்பீடு தரும் பணத்தைச் சம்பளத்தோடு சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும். சீதாராமனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அப்படிக் காட்டினால் சர்வீஸ் அறுந்து, ஊர் திரும்பும்போது அவனுக்கு வரவேண்டிய பணிக்கொடை குறையுமோ என்று பயந்தார். பாவம் பார்த்து, டூட்டியில் இருப்பதாகவே எழுதி அனுப்பிவிட்டார்.

(முதலில் இவரை வில்லனாக எழுதினேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அடிபட்டவனுக்குத் தினமும் ரசம் கொடுத்தனுப்பும் வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

3

டூட்டியில் இருப்பவனுக்கு நாங்கள் தரும் அடிபட்ட பணம் எதற்கு என்று காப்பீட்டு அலுவலகம் கேட்டது. நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் சீதாராமனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொய் எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும். ஊரில் இரண்டு பெண்கள், கல்லூரி...

(நிறுத்திக்கொள்கிறேன். அழவைக்க உங்களைக் கூப்பிடவில்லை.)

அவர் சொன்னபடி நான்கு பெங்காலித் தொழிலாளிகள் கார்மேகத்தைக் கட்டிலோடு சைட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மாவுக்கட்டுக்கு மேல் கிழித்துத் தைத்த பேன்ட், தலையில் ஹெல்மெட், கையில் பெயின்ட் பிரஷ். எதிரே சுவரே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

“எது கேட்டாலும் ஐவான்னுட்டுப் போப்பா. வேற வாயத் தொறக்காத,” என்றார் சீதாராமன்.

அதிகாரி வந்தார். வேலை செய்கிறாயா என்றார். ஐவா, அதாவது அரபியில் ஆமாம். அடிபட்டு லீவில் இருக்கிறாயா? அதற்கும் ஐவா. அவர் பிரஷைப் பார்த்தார், சுவர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். ஐவா.

பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உடைந்த இந்தியில் பொறுமையாகச் சொன்னார்: அடிபட்டுக் கிடக்கும் நாளும் சர்வீஸில்தான் சேரும், இது உங்கள் ஆபீஸுக்குத் தெரியாதா? சீதாராமனுக்குத் தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

பிறகு அதிகாரி பேனாவைத் திறந்தார். கடைசியாகக் கேட்பதாகச் சொன்னார். இவன் வேலை செய்தானா, இல்லையா?

4

செய்தான் என்றால் கார்மேகத்தின் பணம் நிற்கும். இல்லை என்றால் சீதாராமனின் வேலை போகும். இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். இருவரையும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

நான் கிழித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பேசிவிட்டார்கள். பதற்றத்தில் இந்தி மறந்து, தமிழில்.

“தப்பு என்னோடது சார். அவன் காலைத் தரையில வச்சே மாசமாச்சு.”

“இல்லங்க சார், நாந்தான் அப்படி எழுதச் சொன்னேன். அவரு மேல ஒண்ணுமில்ல.”

அதிகாரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பெங்காலிகளைப் பார்த்தார். அவர்களுக்கும் புரியவில்லை. அங்கே தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். அதிகாரி உங்கள் பக்கம் திரும்பி, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார்.