மாடி ஜன்னலின் இரண்டு கோடுகள்

தொண்ணூற்று நாலில் ஓசூரில் எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டது என் கணவர்தான். கம்பெனியில் ஃபிட்டர். மெஷின் டிராயிங் போடுகிற பழக்கத்தில், மாடி ஜன்னலுக்கு ஒரு வட்டம் வரைந்து, மையம் தெரிவதற்காக நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் வட்டத்தைத் தாண்டிக் கோடு இழுத்திருந்தார். மேஸ்திரி மாதேஷ் அதுவும் டிசைன் என்று நினைத்து அந்தக் கோடுகளையும் சிமெண்டில் பட்டையாகக் கட்டிவிட்டார். யாரோ துப்பாக்கியால் குறிவைத்த மாதிரி நின்றது வீடு. ரோஸ் பெயிண்ட் வேறு. முப்பது வருடமாக அந்தக் கோடுகளுக்காக இவர் மாதேஷைத் திட்டாத நாளில்லை.

போன ஞாயிறு மகளின் தோழி யுவஸ்ரீ வந்தாள். பெங்களூரில் ஆர்க்கிடெக்ட். கேட்டிலேயே நின்று பத்து போட்டோ எடுத்தாள்.

"அச்சு அசல் போஸ்ட்மாடர்ன் ஸ்டைல், அங்கிள்! இப்பல்லாம் எல்லாரும் சாம்பல் கலர் டப்பாதான் கட்டறாங்க. இந்த வீடு சிரிக்குது பாருங்க. அந்த ரெண்டு கோடு யாரோட ஐடியா?"

இவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தாம்மா வரைஞ்சேன்."

பொய்யில்லை. நான் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இதையே மாதேஷ் மேஸ்திரிக்கும் போன் போட்டுச் சொல்லிடுங்க. முப்பது வருஷமா அவர் வாங்கின திட்டை இனிமே நீங்க வாங்கிக்குங்க."