எட்டாம் நாள் என்று எண்ணிய ஏழாம் நாள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் அலுப்பில் பிறந்தது. 'பண்டைக் கிரேக்கர்களின் சாதனைகள்' பற்றி எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். கோயில் தூண்கள், நாடகம், வடிவியல், மக்களாட்சி என்று நான்கு பக்கம் ஓடியது. படித்துப் பார்த்தால் சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

பிறகுதான் அந்தக் காலத்து வைத்தியர்கள் எழுதி வைத்த நோயாளிக் குறிப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னார், இன்ன இடத்தில் குடியிருந்தார், முதல் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் பிதற்றல், பதினோராம் நாள் இறந்தார். சாமி கோபித்துக்கொண்டது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. செத்தவர்களை ஒளிக்கவும் இல்லை. அரிதாகச் சிலர், 'இந்த இடத்தில் நான் தவறினேன்' என்றுகூட எழுதியிருக்கிறார்கள். பின்னால் வருகிறவன் அதே குழியில் விழக் கூடாது என்பதற்காக.

எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது வருஷமாக எழுதுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் எங்கும் எழுதியதில்லை. எழுத வேண்டிய சந்தர்ப்பங்கள் வராமல் இல்லை.

அப்படி எழுதக்கூடிய ஒருவரை உண்டாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கீழே வரும் வைத்தியர், நோயாளி, குறிப்பு எல்லாமே என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'வடக்குக் காற்று பளிங்குத் தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கருணை பொங்கும் கண்களுடன் வைத்தியர் அனக்சிலாஸ்'

வேண்டாம். கருணை பொங்கும் கண்கள் உள்ளவர் தன் தவற்றை ஒப்புக்கொள்வதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? அதற்கென்றே செய்து வைத்த பொம்மையாகிவிடுவார்.

இரண்டாவது தொடக்கம்: 'அனக்சிலாஸுக்குத் தன் தாடியின் மேல் அபார மரியாதை.'

இது தேவலை. நாற்பத்தைந்து வயது. கோஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தீவிலிருந்து வந்தவர். தாசோஸின் ஊர்ச்சபை கை தூக்கி அவரை ஒரு வருஷத்துக்கு ஊர் வைத்தியராக அமர்த்தியிருந்தது. இலையுதிர் காலத்தில் மறுபடியும் கைகள் உயர வேண்டும். கொஞ்சம் தற்பெருமைக்காரர். சந்தையில் நாலு பேர் காதில் விழும்படிதான் மருந்தை விளக்குவார். ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால், மெழுகுப் பலகையில் பார்த்ததை மட்டும் எழுதுவார். இந்த ஒரு ஒழுக்கத்தைத்தான் அவருக்குக் கொடுத்தேன். அதையும் பறித்துவிடலாமா என்று இடையில் யோசித்தேன், மனம் வரவில்லை.

3

சிமலியோன், பளிங்குக் குவாரியில் கல் வெட்டுகிறவன். அவனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தபோது அனக்சிலாஸ் ஏற்கெனவே இரண்டு வீடுகள் பார்த்துக் களைத்திருந்தார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து பொழுது சாஞ்சப்புறம், வைத்தியரே," என்றாள் சிமலியோனின் மனைவி நிகெசோ. இடுப்பில் மூன்று வயது மகள். "விளக்கு ஏத்திட்டுத் திரும்புறேன், மனுஷன் கதவப் புடிச்சிக்கிட்டு நடுங்குறாரு."

'விளக்கு ஏற்றிய பின் நடுக்கம். இன்று இரண்டாம் நாள்' என்று அனக்சிலாஸ் மெழுகில் கீறினார்.

[இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கிரேக்கர்களுக்கு நாள் என்பது சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். விளக்கு ஏற்றிய பிறகு வந்த காய்ச்சல் இன்றைய நாளின் காய்ச்சல். 'முதல் நாள்' என்று அவர் எழுதியிருக்க வேண்டும். வேறு தேசத்துக்காரன் செய்தால் மன்னிக்கலாம். அவர் பிறந்ததிலிருந்து அந்தக் கணக்கில் வாழ்கிறவர். களைப்பு, அவ்வளவுதான்.]

"காய்ச்சல் எறங்குற வரைக்கும் பார்லிக் கஞ்சிய வடிகட்டி, தண்ணி மட்டும் குடும்மா. ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது."

"கல்லு வெட்டுறவன் வயித்துல வெறும் தண்ணிய ஊத்துறீங்களே," என்றான் சிமலியோன் படுத்தபடியே. "நாளைக்கு உளி புடிக்க நீங்க வருவீங்களா?"

"சும்மா இருங்க," என்றாள் நிகெசோ.

"எங்க வரப்போறாரு? தாடில தூசி படும்ல."

வைத்தியருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

4

காய்ச்சலுக்கு ஏழாம் நாள் தீர்ப்பு நாள். அன்று உடம்பு தன் வழக்கைத் தானே முடித்துக்கொள்ளும், வைத்தியன் கை வைக்கக் கூடாது. இது வைத்தியர்களுக்கு மட்டுமல்ல, குவாரிக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதி.

அனக்சிலாஸ் தன் கணக்குப்படி ஏழாம் நாளுக்குக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை வந்தார்.

"நெத்தி வேர்த்திருக்கு வைத்தியரே," என்றாள் நிகெசோ. முகத்தில் ஆசை தெரிந்தது.

"எட்டாம் நாள் வேர்வைக்கு அர்த்தம் இல்லம்மா," என்றார். பேதி மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மையில் அதுதான் ஏழாம் நாள். அவர்கள் சாஸ்திரப்படி அந்த வேர்வை, உடம்பு எழுதத் தொடங்கிய தீர்ப்பு.

மதியத்துக்குள் வயிறு காலியாகி, சிமலியோன் கிழிந்த துணியாகக் கிடந்தான். பசி என்று கெஞ்சினான். நிகெசோ பொறுக்க முடியாமல் வடிகட்டாத கஞ்சியில் ஒரு கரண்டி ஊட்டினாள். வாசலில் நுழைந்த அவன் அண்ணன் ஹெரகோரஸ் அதைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலை சிமலியோன் இறந்தான்.

5

அடக்கம் முடிந்ததும் ஹெரகோரஸ் வைத்தியரின் வீட்டுக்கு வந்தான். நிகெசோவையும் கூட்டி வந்திருந்தான். கூட்டி வந்தான் என்பதைவிட, தள்ளிக்கொண்டு வந்தான்.

"திங்கக் குடுத்தே என் தம்பியக் கொன்னுட்டா."

"ஒரு கரண்டிதான் குடுத்தேன்," என்றாள் அவள். "கெஞ்சினாரு."

"வெஷமும் ஒரு கரண்டிதான் போதும்." வைத்தியரிடம் திரும்பினான். "ஒம்பதாம் நாள் சடங்குக்கு எல்லாரும் சமாதிக்கு வருவாங்க. உங்க பலகையக் கொண்டாங்க. பத்தியத்த மீறினது யாருன்னு எல்லார் முன்னாடியும் வாசிங்க. அப்புறம் இவள அப்பன் வீட்டுக்குக் கப்பல் ஏத்திடுறேன். புள்ள எங்க வீட்டுப் புள்ள. இங்கயே வளரும்."

(ஹெரகோரஸை முதல் வரைவில் கொடியவனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தம்பியைப் பறிகொடுத்தவன். கையில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன்.)

6

ஒன்பதாம் நாள் சடங்குக்கு முந்தைய மதியம், அனக்சிலாஸ் குறிப்பைச் சுத்தமான பலகையில் எழுத உட்கார்ந்தார். 'விளக்கு ஏற்றிய பின் நடுக்கம்' என்று தானே கீறிய வரியைப் படித்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

பிறகு எழுதினார்:

'எட்டாம் நாள், பேதி மருந்து. அதே நாள் பத்தியம் மீறப்பட்டது. ஒன்பதாம் நாள் இறந்தார்.'

நன்றாகத்தான் இருந்தது. பத்தியம் மீறியது உண்மை. மருந்து கொடுத்தது உண்மை. எண்ணில்தான் பொய், அதுவும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இலையுதிர் காலத்தில் கைகள் உயரும்.

எழுத்தாணியின் தட்டை முனையால் 'எட்டாம்' என்பதை மட்டும் தேய்த்து அழித்தார். அந்த இடத்தில்

இல்லை, இதை இப்போது சொல்ல மாட்டேன்.

7

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு நாள் என்று ஒன்று கிடையாது. ஏழில் ஒன்றுமில்லை, எட்டிலும் ஒன்றுமில்லை. சிமலியோனைக் காய்ச்சல் கொன்றிருக்கலாம், நீர் வற்றிய உடம்பில் கொடுத்த பேதி மருந்து எந்த நாளிலும் கொன்றிருக்கலாம். அப்படியென்றால் அனக்சிலாஸ் எதற்காக நொந்துபோகிறாரோ, அது அவருடைய தவறே அல்ல.

இது தெரிந்ததும் இரண்டு வாரம் கதையைத் தொடவில்லை. தப்பான சாஸ்திரத்தில் தப்பு செய்துவிட்டதாக ஒருவர் குமைவது ஒரு கதையா?

பிறகு பிடிபட்டது. நாளைச் சரியாக எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான், பின்னால் வந்த ஒருவன் அவற்றை அடுக்கிப் பார்த்து, 'ஏழில் ஒன்றுமில்லையே' என்று சொல்ல முடியும். அவரவர் மானத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றியிருந்தால் அந்தச் சாஸ்திரம் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும். தூண்களைவிட இது பெரிது என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியம், அந்த ஒரு கரண்டிக் கஞ்சி யாரையும் கொல்லவில்லை.

8

முடிவு அ: அவர் உண்மையை வாசிக்கிறார். ஹெரகோரஸ் தலையைத் தொங்கப் போடுகிறான். நிகெசோ மகளோடு வீடு திரும்புகிறாள். ஊர்ச்சபையில் ஒரு கையும் உயரவில்லை. எழுதும்போது அழுதேன். ஆனால் நம்பவில்லை.

முடிவு ஆ: 'எட்டாம் நாள்' என்று வாசிக்கிறார். கப்பலின் பாய் விரிகிறது. கரையில் பெரியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை அம்மா, அம்மா என்று

முடிக்கவில்லை. இதை நம்பினேன். அதுதான் வேதனை.

முடிவு இ: பலகை வழியில் விழுந்து உடைந்துவிடுகிறது. இது வைத்தியரின் கோழைத்தனம் அல்ல, என்னுடையது. தூக்கி எறிந்தேன்.

9

ஒன்பதாம் நாள் சடங்கு, காலை. சமாதியில் பாலும் தேனும் ஊற்றியாயிற்று. உறவினர் இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள்.

"வாசிங்க வைத்தியரே," என்றான் ஹெரகோரஸ்.

அனக்சிலாஸ் பலகையைத் திறந்தார். அதற்குள் நிகெசோ முன்னால் வந்துவிட்டாள்.

"இருங்க. அவங்க என்னை என்ன வேணா பண்ணட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நான் ஊட்டினதாலயா போனாரு? அவரு வாயத் தொறந்துகிட்டே இருந்தாரு வைத்தியரே. அதான் குடுத்தேன்."

அவர் அவளைப் பார்க்கிறார். உதடு அசைகிறது.

நான் நினைத்தால் சொல்ல வைக்கலாம், ஒரு வரிதான். ஆனால் நான் சொல்ல வைத்தால் அது அவருடைய ஒப்புதல் ஆகாது. இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழித்து, நான் செய்யாததை அவர் தலையில் கட்டியதாகிவிடும். பேனாவை வைத்துவிட்டேன்.

அந்த நாள் கணக்கு தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், நான், நீங்கள். அவள் காத்திருக்கிறாள். இடத்தை விட்டுவைத்திருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

'____________ நாள், பேதி மருந்து கொடுத்தேன்.'