கங்காதரன் கடைக்கு முதல் போணி

மாங்காட்டுக் கிளைத் திறப்பு விழாவுக்குக் கார் எட்டு மணிக்குத்தான் வரும் என்று நகைக்கடையிலிருந்து போனில் சொன்னபோதே சாமுண்டீஸ்வரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எட்டா? எப்பவும் கோழி கூவுறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்களே! எவளோ உள்ள பூந்துட்டா."

"நீ தூங்குறப்பகூட ஒரு கண்ணு சந்தேகப்பட்டுகினே கீது," என்றார் கணவர் பூபாலன்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. கங்காதரன் திருமுல்லைவாயிலில் முதல் நகைக்கடை போட்டபோது அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அவர் உள்ளே போனால் தராசு வெளியே வரவேண்டும். அங்கே முதல் போணியாக ஒரு மூக்குத்தி வாங்கியவள் சாமுண்டீஸ்வரி. அன்று மாலை கூடிய கூட்டத்தை மின்சார ரயிலே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. "உன் கைதான்கா ராசி" என்று கங்காதரன் கண்கலங்கினார்.

அப்புறம் அம்பத்தூரில் மாடிக் கடை, ஆவடியில் லிஃப்ட் வைத்த கடை, பூந்தமல்லியில் வைரத்துக்கென்றே தனி மாடி. ஒவ்வொரு திறப்புக்கும் விடியுமுன் கார் வரும். ஷட்டரைப் பாதி தூக்கி அவளை மட்டும் உள்ளே விடுவார்கள். அவள் மூக்குத்தி வாங்கிய பிறகுதான் ஊருக்குக் கடை திறக்கும். அத்தனை கிளைகளும் தன் வலது கையில்தான் தொங்குகின்றன என்பது அவள் நம்பிக்கை. அந்தக் கையை இன்று யாரோ தட்டிவிடப் பார்க்கிறார்கள்.

காருக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோ பிடித்து, விடிகிற நேரத்தில் மாங்காட்டில் இறங்கினாள். நாலு மாடிக் கடை, சூரியனே இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று நினைக்கும்படி மின்னியது. பக்கத்துச் சந்தில் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அதற்கடியில் குனிந்து வெளியே வந்தாள் ஓர் அம்மாள், கையில் கடையின் சிவப்புப் பை.

"யாரும்மா நீ?"

"அம்பத்தூர் எல்லம்மா. இந்தக் கடைக்கு மொதல் போணி நாந்தான். நீ யாரு, குறுக்க நின்னுகினு?"

"மொதல் போணியா! எத்தினி நாளா?"

"அம்பத்தூர்க் கட தொறந்ததுலேந்து. என் கை ராசின்னு அண்ணாத்தே அழுவாரே!"

அதற்குள் கடையின் கார் சந்துக்குள் நுழைந்தது. அதிலிருந்து இறங்கிய பெண், "ஆவடி சபீனா வந்துகீறேன்னு ஓனராண்ட சொல்லுப்பா, போணிக்கு நேரமாச்சு," என்று டிரைவரை விரட்டினாள். கார் சத்தம் கேட்டு ஓடிவந்த கங்காதரன் மூவரையும் சேர்த்துப் பார்த்தார். போட்டிருந்த மோதிரமெல்லாம் கழன்று விழும்போல் நடுங்கினார்.

"இன்னா கங்காதரா இது?"

"கோச்சிக்காதக்கா. ஒரு பயத்துல இவங்களையும் கூப்ட்டேன். கட வளந்துச்சு, ஆனா யார் கையால வளந்துச்சுன்னு தெர்ல. ஒருத்தர நிறுத்தி, அதுவே அந்தக் கையா இருந்துட்டா?"

"தெர்லியா? நான் இன்னிக்குப் போணி பண்ணல. நீ ஈ ஓட்டு, அப்பத் தெரியும்!"

எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். பத்து மணிக்கு மேளம் கொட்டியது. யாரும் வரக்கூடாதே என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வந்தார்கள். குன்றத்தூர் காலியாகி வந்தது, போரூர் பூட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கதவை மூடவே முடியவில்லை. சாமுண்டீஸ்வரி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது வெறும் கையாகத் தெரிந்தது.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் டீக்கடைக்கு வழிந்தார்கள். வடை தீர்ந்தது, பால் தீர்ந்தது. டீ மாஸ்டர் ஜேம்ஸ் ஓடிவந்து கும்பிட்டார்.

"இன்னிக்கு மொதல் டீ நீங்க குடிச்சதும்மா. கட போட்டதுலேந்து இப்டி யாவாரம் பாத்ததில்ல. உங்க கை ராசியான கைம்மா! நாளைக்கும் வந்துடுங்க."

சாமுண்டீஸ்வரியின் முகம் மலரத் தொடங்கி, பாதியில் நின்றது. அவரைக் கிட்டே இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மெய்யா சொல்லு நைனா. இத இன்னும் எத்தினி பேராண்ட சொல்லிகினு கீற?"